தம்புரான் சாகும்வரை சோறு இல்லை

1

இந்தக் கதை என் இரக்கத்திலிருந்து பிறந்தது. (பொய். பசியிலிருந்து பிறந்தது.)

1951. தக்கலைக்குக் கிழக்கே எங்கள் ஊரில் கோயில் கொடை. விளக்கு வைத்த நேரம், வில்லுப்பாட்டு நடக்கிறது. கோயிலுக்குப் பின்னால் உருளி நிறையச் சோறு, எரிசேரி. பாட்டின் நாயகனான ராஜா, தம்புரான், வெட்டுப்பட்டுச் சாகவேண்டும். அப்போதுதான் சாமி இறங்கும், சாமிக்குச் சோறு படைத்துப் படப்பு போடுவார்கள். அதன்பிறகே ஊருக்குச் சோறு.

2

பாட்டின் இடைவெளியில் ஊர்க்காரி சொர்ணம்மாள் பாட்டுக்காரரிடம் வந்தாள். அவள் முகம் வாடிய

இதை விட்டுவிடுகிறேன். நான் முகத்தைப் பார்க்கவில்லை, உருளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்ததை மட்டும் எழுதுகிறேன்.

“அண்ணாச்சி, இன்னைக்கு மட்டும் தம்புரானைக் கொன்னுராதயும். எம்மவன் நாராயணபெருமாள் தீனமாக் கெடக்கான். ஒம்ம பாட்டுல அவரு போனா இவனும் போயிருவான்னு மனசு அடிக்கி.”

வில்லடித்த பொன்னுலிங்கம் வாய்க்குள் கிடந்த வெற்றிலையைத் துப்பினார்.

“சாவு பாடாம சாமி எறங்காதும்மா. ஊரே பட்டினியா இருக்கு.”

“கொஞ்சம் தள்ளியாவது போடும்.”

3

தள்ளிப்போட்டார் மனுஷன். தம்புரானைச் சாப்பிட உட்காரவைத்தார். அவியல், புளிசேரி, உப்பேரி, மூன்று பாயசம் என்று பாடிக்கொண்டே போனார். கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு நெளிந்தது. அவர் நான்காவது பாயசத்தைத் தொடங்கியபோது ஒரு குரல் எழுந்தது:

“ஓய், தின்னது போதும்! கொல்லும் ஓய், பசிக்கி!”

(முதல் பிரதியில் அந்தக் குரலுக்கு சுந்தர்சிங் என்று பெயர் வைத்திருந்தேன். பாவம், அவன் அன்று ஊரிலேயே இல்லை. கத்தியவன் நான். அப்போது எனக்கு வயது இருபத்துநாலு, விவரம் தெரியாத வயதொன்றும் இல்லை.)

எல்லாரும் சிரித்தார்கள். பொன்னுலிங்கம் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தம்புரானைக் கொன்றார். சாமி இறங்கியது.

4

முடிவு ஒன்று: பையன் பிழைத்தான். எழுதினேன், கிழித்தேன். எனக்கு நானே பாவமன்னிப்புக் கொடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

முடிவு இரண்டு: அதே நிமிஷத்தில் செத்தான். சீ, நாடகம்.

நடந்தது இவ்வளவுதான். சோறு விளம்பியவர்களில் நானும் ஒருவன். வரிசையில் சொர்ணம்மாள் வந்து இலையை நீட்டினாள். கத்தியது யாரென்று அவளுக்குத் தெரியும்.

“சாமி சோறுல்லா. அவனுக்கும் சேத்துப் போடு மக்கா.”

போட்டேன். அடுத்த இலைக்குத் திரும்பிக்கொண்டேன்.

அவன் அதைத் தின்றானா? ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை, மூன்று வருஷம் அவள் தெருவுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போனேன். இந்த முடிவை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. நீங்கள் எழுதுங்கள். ஆனால் எழுதுமுன் அவள் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். எனக்கு அதற்குத் தைரியம் வரவில்லை.