ஐஸி வீட்டு ஜன்னலில் ஒரு ஜோடி பூட்ஸ்

மேசன் என்றால் கொத்தனார். எங்கள் மீன்பிடி ஊர் போர்ட்லென்னியில் மேசன் சங்கம் என்று ஒரு ரகசியச் சங்கம், அதில் பேக்கரிக்காரர் இருக்கிறார், வலை வியாபாரி இருக்கிறார், பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார். ஒரு செங்கல்லை நேராக வைக்கத் தெரிந்தவன் ஒருத்தன் கிடையாது. அந்தச் சங்கத்தில்தான் போன அக்டோபரில் என் புருஷன் வாட்டி போய்ச் சேர்ந்தான்.

சேர்ப்பதற்கு முன்னால் மூன்று பேர் வீட்டுக்கு விசாரிக்க வந்தார்கள். பெண்டாட்டி சம்மதம் இல்லாமல் யாரையும் சேர்க்க மாட்டார்களாம். சங்கத் தலைவர் மெர்சர், அதுதான் பேக்கரிக்காரர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பவ்யமாக உட்கார்ந்தார்.

"உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையேம்மா?"

"உள்ள என்ன பண்ணுவீங்கன்னு சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்."

"அத மட்டும் சொல்லக்கூடாதும்மா."

"அப்புறம் என்ன இழவுக்கு என்னக் கேக்க வந்தீங்க?"

வாட்டி மேசைக்கடியில் என் காலை மிதித்தான். சரி, சேர்ந்து தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஓட்டு. ஆளுக்கொரு உருண்டையைப் பெட்டிக்குள் போடுவார்கள். வெள்ளை என்றால் சம்மதம். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் அவ்வளவுதான், ஆள் வெளியே. வாட்டிக்கு எல்லாம் வெள்ளை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அலிக் மேர் என்கிற படகுக்காரனுக்கு ஒரு கறுப்பு விழுந்தது. விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. போட்டவன் யார் என்று மட்டும் இன்றுவரை தெரியாது. வாட்டி சேர்வதற்கு முந்தின குளிர்காலத்தில் அலிக் படகோடு கடலில் மூழ்கிப் போய்விட்டான். அவன் பெண்டாட்டி ஐஸியும் நானும் மீன்கூடத்தில் ஒரே தொட்டியில் ஹெர்ரிங் மீன் கிழித்தவர்கள். வாட்டி சங்கத்தில் சேர்ந்த மறுநாளே அவள் கத்தியை எடுத்துக்கொண்டு வேறு தொட்டிக்குப் போய்விட்டாள்.

சேர்ந்த அன்றைக்கு வீடு திரும்பிய வாட்டியின் விரலில் கல்யாண மோதிரம் இல்லை.

"மோதிரம் எங்க?"

"இதோ, பையில இருக்கு. கழட்டச் சொன்னாங்க."

"யாரு? எதுக்கு?"

"சொல்லக்கூடாது எல்ஸி."

கட்டின பெண்டாட்டியிடம் சொல்லக்கூடாத காரியத்துக்குக் கல்யாண மோதிரத்தைக் கழற்றுகிறான் என்றால் நான் என்ன நினைப்பது? நீங்களே சொல்லுங்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமை சாயங்காலங்களில் காணாமல் போக ஆரம்பித்தான். கேட்டால் அதே பதில். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, விளக்குத் திரி தேடிக் கட்டிலடியில் கையை விட்டேன். அவன் சங்கத்துச் சாமான் வைக்கும் பெட்டிக்குப் பின்னால் காகிதத்தில் சுற்றி ஒரு ஜோடி பூட்ஸ். புத்தம் புதுசு. அடியில் ஆணி அடித்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆகும்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பிள்ளை இல்லை.

அந்த பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய சண்டை. ஒரு குளிர்காலம் முழுக்க அவன் தன் அண்ணன் வீட்டில் கிடந்தான். அண்ணன் வீட்டில்தான் கிடந்தானா என்று நான் அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசித்தேன். வயிறு எரிந்தது. அவனுக்குக் குறை இல்லை, எனக்குத்தான் குறை என்றாகிவிடுமே, அதை நினைத்துத்தான் அதிகமாக எரிந்தது. பூட்ஸை மறுபடி காகிதத்தில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. வாட்டி கோட்டுக்குள் எதையோ அணைத்துக்கொண்டு கிளம்பினான். நான் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். செம்படவர் சந்துக்குள் திரும்பினான். கடைசி வீட்டு முன்னால் நின்றான். ஐஸியின் வீடு.

ஐஸியின் மகள் லீபிக்கு ஏழு வயது. அடிப்பாவி, இதற்குத்தானா தொட்டி மாறினாய்? என் முகத்தைப் பார்க்க முடியாமல்தானா? அவன் கதவைத் தட்டட்டும், இரண்டு பேரையும் ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று சுவரோரம் நின்றேன்.

அவன் தட்டவில்லை. பூட்ஸை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் திருடன் மாதிரி குனிந்து ஓடி வந்தான். சந்து முனையில் இரண்டு பேர் இருட்டிலிருந்து வெளியே வந்தார்கள். மெர்சரும் வாத்தியாரும்.

"பாத்துட்டாளா?" இது மெர்சர்.

"இல்லண்ணே."

"நல்லது. நாம குடுத்ததுன்னு மோப்பம் புடிச்சா தூக்கிக் கடல்ல வீசிருவா. போன மாசம் நிலக்கரி மூட்டைக்கே சந்தேகப்பட்டாளாம். கலைஞ்சு போங்க, கலைஞ்சு போங்க."

மூன்று தடியர்களும் மூன்று திசையில் போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பாவி மனுஷன், இதைச் சொன்னால் என்ன, வாயில் இருக்கும் முத்தா உதிர்ந்துவிடும்? மூக்கைச் சிந்தினேன். அந்தச் சத்தத்துக்குக் கதவு திறந்துகொண்டது.

ஐஸி விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். பூட்ஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீயா? நிலக்கரி, மாவு எல்லாம் நீதானா?"

நான் சால்வை முனையால் மூக்கைத் துடைத்தேன்.

"இல்ல, உன் வீட்டுக்காரன் கூட்டமா? உண்மையச் சொல்லு எல்ஸி. எங்க அலிக் மூஞ்சில கரியப் பூசுனவனுங்க குடுத்ததுன்னா இப்பவே கடலுக்குப் போகுது." பூட்ஸ் இரண்டும் அதற்குள் அவள் கையில் இருந்தன.

அவள் பின்னால் லீபி வந்து நின்றாள். செத்துப்போன அப்பனின் பழைய பூட்ஸில் கந்தல் அடைத்துப் போட்டிருந்தாள்.

"அம்மா, அது எனக்கா?"

"நான்தான் வச்சேன்" என்றேன்.

"எதுக்கு? நான் கேட்டேனா?" ஐஸி பூட்ஸை என் பக்கம் நீட்டினாள். "உனக்குன்னு ஒண்ணு இல்லன்னு எம்பொண்ணுக்குப் போட்டு அழகு பாக்குறியாக்கும்?"

பதினோரு வருஷத்தில் என் முகத்துக்கு நேராக யாரும் இதைச் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லியிருப்பார்கள். இல்லையடி, உன் புருஷனைத் தள்ளினார்களே, அவர்கள் கொடுத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வாய் அடைத்துவிடும். லீபி பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றேன். "அப்படியே வச்சுக்கோ. போட்டுப் பாரு குட்டி, சரியா இருக்கான்னு."

லீபி வாசற்படியில் உட்கார்ந்து கந்தலை உதறிவிட்டுப் போட்டுக்கொண்டாள். டக் டக்கென்று நடந்து காட்டினாள்.

"கொஞ்சம் பெருசு" என்றாள் ஐஸி. அப்புறம் என்னைப் பார்க்காமல், "திங்கக்கிழமை நம்ம தொட்டிக்கே வந்துர்றேன். நீ அந்தக் கூட்டத்துல இல்லியே, உம்மேல எனக்கென்ன கோவம்? ஆனா இதெல்லாம் உன் ஆளுகிட்ட மூச்சு விடக்கூடாது. எங்க பேரு அவனுங்க வாயில அடிபடக்கூடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன்.

வீட்டுக்கு வந்தால் வாட்டி அடுப்பு முன்னால் சாதுவாக உட்கார்ந்திருந்தான்.

"இந்தக் குளிர்ல எங்க போன?"

"சும்மா வெளிய."

"கண்ணு ஏன் செவந்திருக்கு? யாரு என்ன சொன்னா?"

அவன் மடியில் தலையை வைத்து, அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அழுதால் போதும் போலிருந்தது. இந்த ஊரில் அது வலிக்கக்கூடிய இன்னொரு ஆள் அவன் மட்டும்தான்.

"சொல்லக்கூடாது" என்றேன்.

முதலில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் அவன் சிரிப்பு நின்றது. என் சால்வையை, சேறு படிந்த செருப்பை, மறுபடி என் கண்ணைப் பார்த்தான். இரண்டு மாதமாக நான் அவனைப் பார்த்த பார்வை. நான் சூப்பை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அவன் கரண்டியைத் தொடவில்லை.

"எல்ஸி," என்றான், "யாரு அவன்?"