படிப்பு நிதிக்கு வந்த ஏழாவது ஆள்

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் மேசை மைக்கை மூன்று தரம் தட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. கரண்ட் போய் அரை மணித்தியாலம் ஆகிவிட்டது என்பது ஊரில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிறகு அலுத்துக்கொண்டு வெளியே வந்து, வாயாலேயே எங்களைக் கூப்பிட்டார். பள்ளிவாசல் படிப்பு நிதிக்கு விண்ணப்பித்த ஆறு பேரில் நாங்கள் கடைசி. அது உம்மாவின் ஏற்பாடு. எல்லோரும் போன பிறகு உள்ளே போனால் யாருக்கும் தெரியாதாம். அதற்காகவே அன்றைக்கு மட்டும் முகத்தையும் மூடிக்கொண்டு வந்திருந்தார். ஆனாலும் வழியில் கண்டவர்கள் எல்லாம் "எங்க றம்லா ராத்தா, வெயிலுக்குள்ள?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

பேராதனையில் பொறியியல் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பதிவு. மகாபொல உதவித்தொகை கிடைக்கும், ஆனால் முதல் காசு கைக்கு வர மாதக்கணக்காகும் என்று அங்கே படிக்கும் அக்கா ஒருவர் சொல்லியிருந்தார். அதுவரை நான் சாப்பிட வேண்டும், தங்க வேண்டும், மடிக்கணினி ஒன்று வாங்க வேண்டும். வாப்பாவுக்குப் பள்ளிவாசலில் இருந்து நாலு கடை தள்ளிப் பசளைக் கடை, தோட்டக்காரர்களுக்கு உரம் விற்பது. போன வருஷம் இரசாயனப் பசளைக்குத் தடை வந்ததோடு அது படுத்துவிட்டது. நுரைச்சோலை வெங்காயத் தோட்டக்காரர்கள் கடனுக்கு எடுத்ததைத் திருப்பிக் கட்டவில்லை. வெங்காயமே இல்லாதபோது அவர்களும் எதைக் கட்டுவார்கள்? வாப்பா மட்டும் தினமும் வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போய், வெறும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிதிக்கு எழுதிப் போடுவோமா என்று நான் கேட்டபோது, "நாம குடுக்கிற ஆக்கள் மகள்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பெரிய குடுக்கிற ஆக்கள். வீட்டில் அன்றைக்குப் பாணுக்குத் தொட்டுக்கொள்ளச் சம்பல்கூட இல்லை.

உள்ளே நிதிக்குப் பொறுப்பான சுஹைர் ஹாஜியார் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு இருந்தார். நாங்கள் கதிரையில் உட்காரவும் தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றத் தொடங்கியது.

"பாருங்களேன், மகள் வந்த நேரம் கரண்டும் வந்திட்டு" என்று சிரித்தார். எனக்கும் அது நல்ல சகுனமாகத்தான் பட்டது.

"மஹ்ரூப் வரல்லையா?" என்று வாப்பாவைக் கேட்டார்.

"அவருக்குத் தெரியா ஹாஜியார். தெரிஞ்சா விடமாட்டாரு."

அதன்பிறகு உம்மா நிறுத்தவில்லை. கடையில் இருப்பது வெறும் சாக்கு என்றார். பின்னேரத்தில் இடியப்பம் அவித்து அடுத்த தெருவுக்கு அனுப்புவது தான்தான் என்றார். பசளைக் கம்பெனிக்காரன் கடனுக்கு வழக்குப் போட்டதைச் சொன்னார். ஒரு வருஷமாக எங்கள் சுவருக்கு வெளியே போகாத எல்லாவற்றையும் கொட்டினார். வெளியே ஒலிபெருக்கியில் ஏதோ இரைந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பள்ளிவாசலில் யாரோ இறந்த மையத்துச் செய்தி அறிவிக்கிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மின்விசிறியின் கடகடப்பில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

ஹாஜியார் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு உம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க பொய் சொல்றீங்க எண்டு நான் சொல்லல்ல றம்லா. ஆனா போன நோன்புல மஹ்ரூப் இந்த நிதிக்கே மூணு லட்சம் தந்தாரே. வருஷா வருஷம் ஏழைகளுக்குக் குடுக்கிற ஸகாத் எண்டாரு. நான்தான் ரசீது எழுதின."

உம்மா முகத்துணியைத் தூக்கினார்.

"எந்த நோன்புல?"

"போன மாசம் முடிஞ்ச நோன்புலதான்."

"அது என்ட மாலைய ஈடு வச்ச காசு ஹாஜியார்" என்றார் உம்மா. குரல் சின்னதாகிவிட்டது. "புள்ளைட படிப்புக்கு எண்டு கழட்டிக் குடுத்தன். கம்பெனிக்காரன் புடிச்சிக்கிட்டான் எண்டு சொன்னாரு. நான் நம்பினன்."

எங்களுக்கு முன்னால் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்களே, அதில் என் மடிக்கணினியும் போயிருந்தது. வாப்பாவை வெறுக்க வேண்டும் போலிருந்தது. அதற்குக்கூட மனம் ஓடவில்லை. ஹாஜியாரும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கடன்ல மூழ்கின மனிசனுக்கு ஸகாத்தே கடமையில்லையே. அவர் குடுக்கிற ஆளில்ல, வாங்க வேண்டிய ஆளு."

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைக்கும் முன்பே அவர் மனைவியின் அலறல் எங்களுக்கும் கேட்டது.

"மைக்க நிப்பாட்டுங்க! ஊரே கேட்டுக்கிட்டிரிக்கி!"

மேசையில் மைக் உம்மாவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. மூலையில் ஒலிபெருக்கிப் பெட்டியில் சிவப்பு வெளிச்சம். கரண்ட் இல்லாதபோது மோதினார் போட்டுப் பார்த்த பொத்தானை யாரும் திரும்ப அணைத்திருக்கவில்லை. ஹாஜியார் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். மின்விசிறி நின்றது. வெளியே இரைந்துகொண்டிருந்ததும் அதோடு நின்றது. எங்கள் இடியப்பம், வழக்கு, மாலை, மூன்று லட்சம், எல்லாம் மினாராவில் இருந்து கடற்கரை வரைக்கும் போய்விட்டிருந்தது. நாலு கடை தள்ளி இருக்கும் வாப்பாவுக்குக் கேட்காமல் இருக்குமா? உம்மா என் கையைப் பிடித்தார். பிடித்த இடம் நொந்தது.

"எப்பிடி மகள் வெளிய போற?" என்றார்.

ஹாஜியார் படிவத்தில் ஏதோ எழுதி, என் முன்னால் தள்ளி, கையெழுத்துப் போடச் சொன்னார். தொகை என்ன என்று நான் பார்க்கவில்லை. போட்டேனா என்பதுகூட இப்போது நினைவில்லை. நான்தான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

சந்தியில் ஓட்டோக்கள் நின்றிருந்தன. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. தேநீர்க்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். விறாந்தையில் மோதினார், விண்ணப்பித்தவர்களுக்குப் போட்டிருந்த ஆறு பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தவர், ஐந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஆறாவதை அவரால் எடுக்க முடியவில்லை. அதில் வெள்ளைச் சட்டையோடு வாப்பா உட்கார்ந்திருந்தார், மடியில் கடைச் சாவியும் மாலையை ஈடு வைத்த துண்டுச் சீட்டும். எங்களைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு, கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்.