கசப்பு யார் கையால்

தம்பி தீர்த்தகிரி வாசலில் வந்து நின்றபோதே, பொண்டாட்டி விரட்டித்தான் வந்திருக்கிறான் என்று ஜெயம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. தானாக வருகிற ஆளா அவன்? ஒரே களத்துமேட்டில் இந்தப் பக்கம் அக்கா குடிசை, அந்தப் பக்கம் தம்பி குடிசை. சாமை அறுப்பு முடிந்ததிலிருந்து அக்கா இருக்கிறாளா செத்தாளா என்று எட்டிப் பார்க்காதவன், இன்றைக்கு மழையில் தொப்பலாக நனைந்து நிற்கிறான்.

"அக்கா, மங்காவுக்கு காலையில மறுபடியும் வலிப்பு வந்துச்சி. மாத்திரைய உள்ள எறக்க முடியல. நீ வந்து குட்த்தா சாப்புடும்."

ஜெயம்மாள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"பெத்தவ இன்னாத்துக்கு கீறா? அவளையே குடுக்கச் சொல்லு."

"அவ குட்த்தா துப்புது அக்கா."

"துப்பத்தான் துப்பும். போடா, போய் உன் பொண்டாட்டி முந்தானையப் புடி."

அவன் போய்விட்டான். இன்னும் ஒரு வார்த்தை கெஞ்சியிருக்கலாம் அல்லவா? கெஞ்சத் தெரிந்தால் அவன் ஏன் இப்படி இருக்கிறான்.

மலேரியா ஆள் சிங்காரம் நேற்றுத்தான் வந்து போனான். குழந்தையின் விரலில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிக்கொண்டு, தினம் ஒரு வேளை என்று மாத்திரை எண்ணிக் கொடுத்தான். மருந்து வயிற்றில் தங்கினால் பிழைக்கும், தங்காவிட்டால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த மலைக்கு ஏறிப் போனான். கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் பாதையில் மண் சரிந்து பஸ் மேலே வரவில்லை. தோளில் போட்டு மழையில் இறக்கினால் பாதி வழியிலேயே குழந்தை விறைத்துப் போகும். துப்பியதும் வாந்தி எடுத்ததும் போக மிச்சம் இருப்பது மூன்று வேளைக்குத்தான் வரும். இதெல்லாம் ஜெயம்மாளுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. நடுவில் இருப்பது மூங்கில் தட்டி. அங்கே முணுமுணுத்தால் இங்கே கேட்கும்.

தேனில் குழைத்துக் கொடுத்ததும் கேட்டது, குழந்தை துப்பியதும் கேட்டது. சாமைக் கஞ்சியில் கலந்தார்கள். அதிலிருந்து கஞ்சியையும் தொடமாட்டேன் என்றாள் மங்கா. மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள், புரையேறி எல்லாம் வெளியே வந்தது. ஒவ்வொரு தடவையும் தம்பி பொண்டாட்டி செந்தாமரை, "இனிப்பு கண்ணு, இனிப்பு" என்றுதான் சொன்னாள். இந்த மூளையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் நடத்துகிறாள்!

அந்தக் குழந்தையிடம் போய் இனிப்பு என்று சொல்லலாமா? பங்குனியில் அவள் செய்தது என்ன? மூன்று வயதாகியும் மங்கா பால் குடிப்பதை விடவில்லை. புளி உலுக்கப் போகிற இடத்திலெல்லாம் முந்தானையை இழுத்தாள். பால் மறக்கடிக்க மார்பில் வேப்பெண்ணெய் பூசுவது எல்லாரும் செய்வதுதான். பூசிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், குழந்தை தானாக வந்து வாய் வைத்து ஓடிவிடும். இரண்டு நாள் அழுது மறந்துவிடும். செந்தாமரை அப்படிச் செய்யவில்லை. களத்தில் நாலு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, "வாடி செல்லம், வந்து குடி" என்று இரண்டு கையையும் நீட்டிக் கூப்பிட்டாள். குழந்தை ஓடிவந்து வாய் வைத்து, முகம் கோணியதும், நாலு பேரோடு சேர்ந்து அவளும் சிரித்தாள்.

மங்கா அழவில்லை. அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக ஜெயம்மாள் குடிசைக்கு நடந்து வந்து மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து சோறும் தூக்கமும் அத்தையிடம்தான். பிள்ளை பிறக்கவில்லை என்று புருஷன் இன்னொருத்தியைக் கொண்டுவந்த பிறகு, பிறந்த இடத்துக்கே திரும்பி வந்தவள் ஜெயம்மாள். யாரும் அவள் மடியில் அப்படிப் படுத்ததில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

செந்தாமரைக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் களத்தின் நடுவில் நின்று, "மலடி, என் புள்ளைய மயக்கி வச்சிக்கினியா? உன் கை பட்டா அது வெளங்குமா?" என்று ஊர் கேட்கக் கத்தினாள். குழந்தையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். அந்த வார்த்தையை ஜெயம்மாள் இன்னும் விழுங்கவில்லை. விழுங்கப்போவதும் இல்லை. குழந்தை மட்டும் தாய் அசந்த நேரம் பார்த்துத் தட்டி ஓரமாக நுழைந்து வந்துவிடும்.

ஆனால் இப்போது அவளைப் பிடித்து உட்காரவைத்தது ரோஷம் மட்டும் இல்லை. பயம். தன் கையால் எது கொடுத்தாலும் மங்கா வாயைத் திறப்பாள். வேப்பெண்ணெய்க்குப் பிறகு அம்மாவுக்குக் கிடைத்த பார்வை, நாளைக்கு அத்தைக்கும் கிடைக்கும். இந்த உலகத்தில் அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு சின்ன உயிரின் நம்பிக்கை. அதையும் பிடுங்கிக்கொள்ள வருகிறார்களே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

தட்டியைத் தள்ளிக்கொண்டு செந்தாமரையே வந்து நின்றாள். தலை கலைந்து, கண் வீங்கிக் கிடந்தது. குரலில் மட்டும் கொஞ்சமும் இறக்கம் இல்லை.

"வர்றியா, இல்ல சாவட்டும்னு உக்காந்துகினு கீறியா?"

"என் கை பட்டா வெளங்காதுன்னு சொன்னது எந்த வாய்டி?"

"இந்த வாய்தான். இப்பவும் உன்னக் கண்டா எனக்கு ஆவாது. ஆனா அது உன் கையாலதான் வாயத் தொறக்கும். வா."

"ஏண்டி, கசப்ப என் கையால குட்த்தா அப்புறம் இன்னா ஆவும்னு தெரியுமா உனக்கு?"

"இன்னா ஆவும்? உசுரோட இருக்கும்."

ஜெயம்மாள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

மங்கா கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. உடம்பைத் தொட்டால் கை சுட்டது. அத்தையின் குரல் கேட்டதும் கண்ணைத் திறந்து, "அத்தே, தூக்கு" என்றாள். ஜெயம்மாள் மாத்திரையைக் கல்லில் பொடித்து, மருந்து புகட்டுகிற பாலாடையில் போட்டு, தேனை ஊற்றிக் குழைத்தாள். செந்தாமரையைப் பார்த்து, "நீ அந்தாண்ட போ. மூஞ்சியக் காட்டாத" என்று சீறினாள். செந்தாமரை பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்புப் பக்கம் நகர்ந்தாள்.

குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டாள். பாலாடையைக் கிட்டே கொண்டுபோனதும் மங்கா மோந்து பார்க்கவில்லை, என்ன என்று கேட்கவில்லை. குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தாள். ஜெயம்மாள் பாதியை ஊற்றினாள். குழந்தை நம்பிக்கையோடு விழுங்கிவிட்டது.

அதற்கப்புறம்தான் கசப்பு தெரிந்தது. முகம் கோணியது. அழுகை வரவில்லை. மங்கா அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். ஜெயம்மாள் பயந்த பார்வை அதுதான்.

பாலாடையில் இன்னும் பாதி இருந்தது. குழந்தை பல்லை இறுக்கிக்கொண்டது. அங்கேயே நிறுத்திவிட்டு, "போதும் கண்ணு" என்று சொல்லி அணைத்துக்கொண்டிருந்தால் பார்வை மாறியிருக்குமோ என்னவோ. ஜெயம்மாள் நிறுத்தவில்லை. தன் இரண்டு காலுக்கிடையில் குழந்தையின் காலை இடுக்கி, தாடையை அழுத்தித் திறந்து, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மங்கா திமிறினாள், கடித்தாள், நகத்தால் அவள் கன்னத்தைப் பிராண்டினாள். ஒவ்வொரு சொட்டும் இறங்குகிற வரைக்கும் விடவில்லை.

பிடி தளர்ந்ததும் மங்கா உருண்டு தரையில் விழுந்து அடுப்புப் பக்கம் தவழ்ந்தாள். "அம்மா! அத்த வேணாம்! அத்த கெட்டவ!" என்று வீறிட்டாள். பங்குனிக்குப் பிறகு அம்மா என்று அவள் கூப்பிட்டது அன்றைக்குத்தான். செந்தாமரை பாய்ந்து வாரி எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் அப்பட்டமாகத் தெரிந்தது. மறைக்கவும் இல்லை. அந்த முகத்தில் ஓங்கி ஒரு அறை விடவேண்டும் போல் ஜெயம்மாளுக்கு இருந்தது.

வாந்தி வருகிறதா என்று அவள் அங்கேயே காத்திருந்தாள். வரவில்லை. பிறகு புடவையில் ஒட்டிய தேனைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, கன்னத்தில் ரத்தம் வருகிறதே என்றும் சொல்லவில்லை.

வாசலில் நின்று திரும்பினாள். "நாளைக்கும் நாந்தான் வருவேன். நாளான்னிக்கும். நீ பாலாடையத் தொடாத. புட்ச்சிக்கவும் வராத."

"ஏன், எனக்குக் கை இல்லியா?"

"இருக்கட்டும். ரெண்டு பேருமே கசந்துட்டா அது யார்கிட்டடி போவும்?"



மறுநாள் காலையில் ஜெயம்மாள் குனிந்து உள்ளே நுழைந்தாள். மங்காவின் நெற்றியில் வேர்த்திருந்தது, ஜுரம் இறங்கியிருந்தது. அத்தையைக் கண்டதும் வீலென்று கத்திக்கொண்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஜெயம்மாள் அந்தப் பக்கம் பார்க்காமல், கல்லை எடுத்துப் போட்டு மாத்திரையைப் பொடிக்க உட்கார்ந்தாள்.