இரண்டு கிராம்

மருந்துக்கடைக்காரர் அந்தப் பையை மேசைமேல் வைத்தபோது, அவள் ஒரு கூடாரத்தின் பழைய ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பழுப்புக் காகிதப் பை. வாயை மூன்று முறை மடித்து, மாத்திரைப் பொட்டலத்தை மடிப்பதுபோல விளிம்பை நகத்தால் அழுத்தியிருந்தார்.

“உங்க தம்பியோட ஓட்டப் பை. மீட்புக் குழு ஆபீஸ்ல கெடந்துச்சு. நேத்துதான் என்கிட்ட குடுத்தாங்க.”

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். முதுகுப்பை, கூடாரம், மழைச்சட்டை என்று எது கிழிந்தாலும் ஊரில் இந்தக் கடைக்குத்தான் கொண்டுவருவார்கள். தம்பியின் ஓட்டக்கார நண்பர்கள் அவளை ‘ஊசியக்கா’ என்று கூப்பிடுவார்கள். ஆனால் இந்தப் பை திரும்பி வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் உட்காரவில்லை. வருடம் முழுவதும் கடைக்குள்ளேயே நிற்கும் மனிதர், ஒரே ஒரு நாள் மட்டும் மலையடிவாரத்தில் மேசை போட்டு உட்காருவார். நூறு கிலோமீட்டர் மலையோட்டத்தில் பொருட்களைச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. மழைச்சட்டை, சூடு காக்கும் தகட்டுப் போர்வை, தலைவிளக்கு, ஒன்றரை லிட்டர் தண்ணீர், விசில். எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காட்டினால்தான் மார்பில் குத்தும் எண் கிடைக்கும்.

“விசில ஊதிக் காட்டணும். அதான் விதி,” என்றார். “நூத்தி எண்பது பேரு. ஒவ்வொருத்தனும் என் காதுகிட்ட வந்து ஊதுறான். தலையே வெடிச்சிடும்போல இருந்துச்சு. நூறு பேருக்கு மேல தாங்கல. ‘ஊத வேணாம்பா, தொட்டுக் காட்டு, போதும்’னுட்டேன். உங்க தம்பி நெஞ்சுப் பட்டையத் தொட்டுக் காட்டினான். நான் டிக் போட்டேன்.”

அவள் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சனிக்கிழமை கமிட்டி கூடுது. நான் விலகிக்கிறேன்னு எழுதிட்டேன். ஆனா, விழுந்தப்ப விசில் பிஞ்சு போச்சா, இல்ல மொதல்லயே இல்லையா? அது தெரியாம தூக்கம் வரமாட்டேங்குது. தையல் தெரிஞ்சவங்க நீங்க. பாத்துச் சொல்லுங்க.”

அவள் பையைப் பிரித்தாள். காய்ந்த சேறு மேசையில் உதிர்ந்தது. சட்டைபோல உடம்போடு ஒட்டி அணிகிற பை அது. இடப்பக்க வலை முழுக்க முள் கிழித்திருந்தது. முன்பைக்குள் தண்ணீருக்கான மென்குடுவை ஒன்று வற்றிய பழம்போல் சுருங்கிக் கிடந்தது. நெஞ்சின் குறுக்கே போகும் பட்டை மட்டும் அப்படியே இருந்தது. அதன் நடுவில், இரு முனைகளையும் மாட்டும் கறுப்புப் பக்கிள். பக்கிளை ஒட்டிச் சின்னச் சதுரம், சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்ட தையல்.

அது அவள் தையல். அவள் போட்டது எதுவும் அவ்வளவு சுலபத்தில் பிரியாது.

“வெச்சிட்டுப் போங்க,” என்றாள். “நாளைக்குச் சொல்றேன்.”

“ஒண்ணும் அவசரமில்ல.” வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். “இல்லம்மா, அவசரந்தான்.”

*

ஓட்டத்துக்கு முதல் நாள் மாலை தம்பி கடைக்குள் புயல்போல நுழைந்தது அவளுக்கு நினைவிருந்தது. நெஞ்சுப் பட்டையின் பக்கிள், கார் கதவில் சிக்கி ஒரு பல் உடைந்திருந்தது.

“அக்கா, செத்தேன். நாளைக்குக் காலைல ஓட்டம். ஏதாவது பண்ணு.”

“ஏன்டா, ஒரு மாசமா என்ன பண்ணிக்கிட்டிருந்த? பல் வெளக்குற பிரஷ்ஷ பாதியா வெட்டிக்கிட்டிருந்தியா?”

“அது போன வருஷம். இந்த வருஷம் சட்டையோட லேபிள் எல்லாத்தையும் வெட்டிட்டேன். வரைபடத்தோட ஓரத்தையும்.”

“மூளையோட எடை எவ்வளவு இருக்கும்னு பாத்தியா? அதையும் வீட்ல வெச்சிட்டுப் போயேன்.”

“அது ஏற்கெனவே வீட்லதான் இருக்கு. இல்லன்னா இந்த ஓட்டத்துக்குப் பேர் குடுத்திருப்பேனா?”

அவனால் சும்மா இருக்க முடியாது. அவள் பட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சமையலறைத் தராசைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். ஓட்டம் நெருங்கினால் அந்தத் தராசு அவனோடு ஊரெல்லாம் சுற்றும். அவன் மனைவி மாவு அளக்கத் தராசு தேடி, கடைசியில் குத்துமதிப்பாகப் போடுவாள்.

அவள் டப்பாவில் பொருத்தமான பக்கிள் தேடினாள். அகலம் சரியாக இருந்தது ஒன்றே ஒன்று. கறுப்பு நிறம். உடைந்திருந்த ஆரஞ்சு நிறப் பக்கிளை வெட்டியெடுத்து, பழைய பக்கிள்கள் கிடக்கும் கண்ணாடிப் புட்டியில் போட்டாள். புதியதைத் தைத்துக் கொடுத்தாள். அவன் பையைத் தராசில் வைத்தான்.

“அக்கா! ரெண்டு கிராம் கம்மி!”

“ரெண்டு கிராமுக்கா இந்த ஆட்டம்?”

“நூறு கிலோமீட்டருக்கு ரெண்டு கிராம தூக்கிப் பாரு, தெரியும்.” குனிந்து அவள் உச்சந்தலையில் ஒரு முத்தம் வைத்துவிட்டு ஓடினான்.

இப்போது அவள் அந்தப் புட்டியைத் துணிமேல் கவிழ்த்தாள். எல்லாம் கறுப்பும் சாம்பலுமாக இருக்க, ஆரஞ்சு நிறம் உடனே கண்ணில் பட்டது. விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு வாய். மேலே ஒரு கீறல் துவாரம். எடை குறைக்கத்தான் உள்ளே குடைந்திருக்கிறார்கள் என்று அன்று நினைத்தாள். நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. பட்டையின் அகலத்தை மட்டும் பார்த்தாள்.

கடையில் பழுதுக்கு வந்திருந்த வேறொரு ஓட்டப் பையை எடுத்து அதன் பக்கிளைப் பார்த்தாள். அதே வாய், அதே கீறல். பக்கிளேதான் விசில்.

ஆரஞ்சுப் பக்கிளை உதட்டருகே கொண்டுபோனாள். ஊதிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

*

எழுபத்தோராவது கிலோமீட்டரில், பட்டப்பகலில், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டத்தில் அவன் வழுக்கினான். பாதைக்குக் கீழே இருந்த பள்ளத்தில் போய் விழுந்தான். கூடவே உருண்டு வந்த பாறை இடது காலின்மேல் அமர்ந்தது. போனில் சிக்னல் இல்லை. மேலே ஓடுகிறவர்களின் காலடிச் சத்தமும், சிலர் தங்களுக்குள் பேசிக்கொண்டு போவதும் கேட்டதாம். கத்தினானாம். காற்று எதிரே அடித்தது. இரண்டு மணி நேரத்தில் குரல் போய்விட்டது. பிறகு விசிலுக்காக நெஞ்சைத் தடவியிருக்கிறான். பட்டையில் விசில் உண்டு என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும், பக்கிளேதான் விசில் என்பது தெரியாது. விழுந்த வேகத்தில் அது எங்கோ தெறித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். தகட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, பாதையில் கடந்து போகும் காலடிகளை எண்ணிக்கொண்டு படுத்திருந்தான். நாற்பத்தோரு பேர். கடைசி ஆளுக்குப் பின்னால் பாதைக் கொடிகளைக் கழற்றிக்கொண்டு வந்த குழு அவனைக் கண்டபோது பதினோரு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் காலில் ரத்த ஓட்டம் நின்று போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்று மருத்துவமனையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். ‘அந்த விசிலாவது இருந்திருந்தா’ என்று அவன் முனகியபோது, ‘விடுடா, உயிரோட வந்தியே’ என்று சொன்னவளும் அவள்தான்.

*

வியாழக்கிழமை காலை அவள் கடையைத் திறக்கவில்லை.

கதவைத் திறந்தது தம்பியின் மனைவி. கையில் துணி சோப்பின் நுரை. “வாங்கக்கா. உங்க தம்பி இன்னைக்கு ரொம்ப நல்ல மூட்ல இருக்காரு. எல்லாரையும் கிண்டல் பண்றாரு. நான் துணி போட்டுட்டு வந்திடுறேன்,” என்று பின்கட்டுக்குப் போனாள். உள்ளே சலவை இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டது. கதவு சாத்திக்கொண்டது.

கட்டிலை முன்னறைக்கு மாற்றியிருந்தார்கள். ஜன்னலை ஒட்டிய அலமாரியில் அவன் காலணிகள் ஜோடி ஜோடியாக இருந்தன. யாரும் அவற்றை அப்புறப்படுத்தவில்லை. யாரும் எடுத்துத் துடைக்கவும் இல்லை.

“என்ன ஊசியக்கா, கடையடைப்பா?”

“உன்னைப் பாக்கணும்னு தோணுச்சு.”

“பாரு பாரு. மூணரைக் கிலோ எளைச்சிருக்கேன். ஒரே நாள்ல. எந்த ஓட்டக்காரனாலயும் முடியாது.”

அவள் சிரிக்கவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். “என்னக்கா?”

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். காகிதப் பையிலிருந்து ஓட்டப் பையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். நெஞ்சுப் பட்டையை விரித்துக் காட்டினாள். பிறகு, வழி நெடுக மூடியே வைத்திருந்த கையைத் திறந்தாள். ஆரஞ்சு நிறத்தின் பள்ளமும் மேடும் உள்ளங்கையில் பதிந்திருந்தன.

“விசில் தெறிச்சு விழலடா. இதுதான் விசில். நான்தான் வெட்டி எடுத்தேன். எனக்குத் தெரியல. தெரியலன்னு சொன்னா போதாதுன்னு தெரியும். நேத்துதான் பாத்தேன். உன்கிட்ட சொல்லாம இருந்திடலாமான்னுகூட ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சேன்.”

அவன் கறுப்புப் பக்கிளைப் பார்த்தான். கட்டைவிரலால் தடவினான். பள்ளத்தில் கிடந்தபோது இதைத்தான் தடவியிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

“குடு,” என்றான்.

ஆரஞ்சுப் பக்கிளை வாங்கிச் சட்டையில் துடைத்து வாயில் வைத்தான். ஊதினான்.

அந்தச் சின்னத் துண்டுக்குள் அவ்வளவு சத்தம் இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் ஒரு நாய் குரைத்தது. பின்கட்டுக் கதவு திறந்தது. நுரை வழியும் கைகளோடு மனைவி ஓடிவந்தாள்.

“என்னாச்சு? என்னாச்சுங்க?”

“ஒண்ணுமில்ல,” என்றான் அவன். அவன் முகம் வெளுத்திருந்தது. “மெஷின் ஓடிட்டிருந்துச்சா?”

“ஆமா. ஏன்?”

“கதவு சாத்தியிருந்துச்சா?”

“சாத்தியிருந்துச்சு. இது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்குமே! என்ன வெளையாட்டு இது, உயிரே போயிடுச்சு.”

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மடியிலிருந்த பையைப் பார்த்தாள். வந்த சத்தம் என்னவென்று அவளுக்கு மெதுவாகப் புரிந்தது. ஈரக்கையோடு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அவன் வெகுநேரம் காலணி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ போக்கா,” என்றான்.

அவள் எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது அவன் குரல் பின்னால் கேட்டது. சத்தமாக இல்லை.

“மருந்துக்கடைக்காரர்கிட்ட நீயே சொல்லிடு. தராசுல வெச்சு நான் நிறுத்துப் பாத்ததையும் சொல்லு. ரெண்டு கிராம் எங்க போச்சுன்னு நான் கேக்கவே இல்லன்னு சொல்லு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கிள் அவன் கைக்குள் இருந்தது.

“ஞாயித்துக்கெழமை வா. அதுக்கு முன்னாடி வராத.”

*

மருந்துக்கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவள் நான்காவதாக நின்றாள். முறை வந்ததும், அவர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, மேசைமேல் வைத்து, மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

“அப்ப மொதல்லயே இல்ல.”

“இல்ல. உங்க மேல தப்பில்லைங்க.”

“ஊதச் சொல்லியிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும்மா,” என்றார் மெதுவாக. “என் மேசைல ஒரு டப்பா நெறைய விசில் இருந்துச்சு. மறந்துட்டு வர்றவங்களுக்குன்னு வாங்கி வெச்சது. ஒண்ணு எடுத்துக் குடுத்திருப்பேன்.”

அவர் இழுப்பறையிலிருந்து கமிட்டிக்கான அறிக்கைத் தாளை எடுத்தார். பாதிவரை எழுதியிருந்தார். சரிபார்த்தவர் விதியை மீறினார் என்று தன் பெயரிட்டு எழுதியிருந்த வரி அப்படியே இருந்தது. அதை அவர் அடிக்கவில்லை. அதன் கீழே எழுத ஆரம்பித்தார். பேனா நின்றது.

“பக்கிள மாத்தினது யாருன்னு போடணும். கடைப் பேர் போடவா?”

“வேணாம். அவனோட அக்கான்னு போடுங்க.”

எழுதினார். தாளை அவள் பக்கம் திருப்பினார். அவள் கையெழுத்துப் போட்டாள். பின்னால் நின்ற ஒருவர் இருமல் மருந்துச் சீட்டை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.