வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை

திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் அந்த ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் பெண்கள். மாடிப்படி ஏறினால், ஏசி அறைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள். நடுப்படியிலேயே பதினைந்து வருஷமாக நின்றுகொண்டிருந்தவள் ஆரோக்கியசெல்வி. பேருக்கு உதவி மேனேஜர். சரக்கு நேரத்துக்குக் கப்பலேற வேண்டுமென்றால் அவள் தொண்டை கிழிய வேண்டும். ஏறியபிறகு கைகுலுக்கிக்கொள்ள மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வருவார்கள்.

எம்.டி. கலைப்பிரியா சென்னையில் இருக்கிறார். மேடை கிடைத்தால் போதும், இனி பெரிய பதவிகளில் பாதி பெண்களுக்குத்தான் என்று முழங்குவார். முழங்கிவிட்டுக் காரில் ஏறிவிடுவார். அந்தப் பாதியைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு ஜி.எம். சீனுவாசனுடையது. நல்ல ஆளாகப் பார்த்துத்தான் கொடுத்தார்! சீனுவாசனுக்குப் பெண்கள்மீது மரியாதை அதிகம். ஆயுத பூஜைக்குக் கோலம் போடச் சொல்வதே அவர்களைத்தான்.

விழுப்புரத்தில் புது யூனிட் தயாரானதும், அதற்கு மேனேஜராகப் போகிறவள் செல்விதான் என்று கேன்டீன் வரைக்கும் பேச்சு. செல்வியும் நம்பினாள். ஆனால் ஆர்டர் வந்தது பிரவீன்குமார் பேருக்கு. அவளிடம் டிரெய்னியாக வந்து சேர்ந்தவன். மிஷின் சத்தம் கேட்டால் இன்றைக்கும் தலைவலி என்பான்.

அன்று சாயங்காலம் புருஷன் சவுரிராயனின் செல்போன் கடையில் போய் நின்றாள். அவன் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான். தன் காசில் ஆப்பிள் வாங்குகிற ஆள் இல்லை அவன்.

"ஏது இது?"

"உங்க ஜி.எம். சாரு குடுத்தது. கார் போட்டுக்கினு கடைக்கே வந்துட்டாரு பாரேன்! உன்ன விழுப்புரம் அனுப்புனா எனக்கு ஓகேவான்னு கேக்கறாரு. 'நீங்க சொல்றதுதான் சார் முடிவு'ன்னாரு. என்னைய, சாருன்னு!"

"நீ இன்னாய்யா சொன்ன?"

"டெய்லி பஸ்ல போய்க்கினு வந்துக்கினு பேஜாருதான், நீங்களே பாத்து செய்ங்க சார்னேன்."

அரைக்கிலோ ஆப்பிளும் ஒரு 'சாரு'ம். பதினைந்து வருஷ உழைப்பை அதற்கு வாரிக்கொடுத்துவிட்டுச் சப்புக்கொட்டித் தின்கிறான். செல்விக்குக் கோபம்கூட வரவில்லை. அருவருப்பாக இருந்தது.

அடுத்த வாரம் மகளிர் தினத்துக்கு எம்.டி. வந்தார். சீனுவாசன் மைக்கைப் பிடித்து, "குடும்பத்துக்காகப் பதவியையே வேண்டாம்னு சொன்ன நம்ம செல்வி!" என்று உருகினார். கலைப்பிரியாவும் கண் கலங்கச் சால்வை போர்த்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். செல்விக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விழா முடிந்ததும் சால்வையோடு ஜி.எம். அறைக்குள் போனாள். எம்.டி. இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். சீனுவாசன் பக்கத்தில் பவ்யமாக நின்றார்.

"நான் எதையும் வேணாம்னு சொல்லல மேடம். என்னைய யாரும் கேக்கவே இல்ல. என் வீட்டுக்காரரப் போயி கேட்டுருக்காங்க."

"குடும்பத்துல கொழப்பம் வரக்கூடாதுன்னுதாம்மா..." என்றார் சீனுவாசன்.

"பிரவீன்குமாரு பொண்டாட்டியையும் கேட்டீங்களா சார்?"

சீனுவாசன் ஃபேனைப் பார்த்தார். செல்வி எம்.டி. பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க மேடம். உங்கள எம்.டி. சீட்ல உக்கார வெக்கறப்போ யாரக் கேட்டாங்க?"

மேடையில் அத்தனை முழங்கியவர் இளநீரைக் கீழே வைத்தார்.

"என் மாமனாரை," என்றார் கலைப்பிரியா. "கம்பெனிய எனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி அப்பா அவர்கிட்டதான் கேட்டார். அவர் சரின்னார்."

ஆக, இந்தம்மாள் வீட்டுக்கும் ஆப்பிள் போயிருக்கிறது. செல்விக்குப் பரிதாபம் வரவில்லை. தான் பட்டும் புத்தி வராமல் இன்னொருத்திக்கு அதையே செய்ய விட்டிருக்கிறாளே என்று எரிச்சல்தான் வந்தது.

"அப்ப உங்க மாமனாரையே வரச் சொல்லுங்க மேடம். என் வேலைக்கு அவர்கிட்டயே பேசிக்கிறேன். நடுவுல நீங்க எதுக்கு?"

"செல்வி!" என்று அதட்டினார் சீனுவாசன். கலைப்பிரியா கைகாட்டி அவரை அடக்கினார். எம்.டி.யின் முகம் சிவந்திருந்தது.

"விழுப்புரம் ஆர்டரை இவங்க பேருக்கு மாத்துங்க. இன்னைக்கே."

"சரி மேடம். அவங்க வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை..."

"சீனுவாசன்!"

கலைப்பிரியா எதையோ எதிர்பார்த்துச் செல்வியைப் பார்த்தார். நன்றியைத்தான். அவளுக்குச் சேரவேண்டிய சோற்றை இன்னொருத்தன் தட்டில் போட்டுவிட்டு, அவள் கத்தினபிறகு இந்தப் பக்கம் தள்ளியதற்கு நன்றி வேறா? செல்வி சால்வையை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"திங்கக்கெழம போறேன் மேடம். என் வீட்டுக்காரருக்கு நானே சொல்லிக்கிறேன். சாரு செரமப்பட வேணாம்."