நாலு மணிக் கணக்கு

சிக்னலில் சிவப்பு விழுந்தால் மற்ற டிரைவர்கள் முனகுவார்கள். வெர்னன் டாக்கெட்டுக்கு மட்டும் வாயெல்லாம் பல். அந்த ஊருக்கே ஒரு சிக்னல்தான். அதற்கு நேர் எதிரே வில்மாவின் சாப்பாட்டுக்கடை. சிவப்பு எரிகிற கொஞ்ச நேரத்துக்குள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், மொச்சையும் சோளரொட்டியும் யாருக்கு வந்திருக்கிறது, எந்தக் குழந்தை சாப்பிடாமல் அடம்பிடிக்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்துவிடுவான். வண்டியைவிட்டு இறங்க மட்டும் அனுமதி கிடையாது. சிறை முகாமில் விடுதலையாகிறவர்களை வெள்ளை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் பஸ் நிலையத்தில் விடவேண்டும், திரும்பி வரவேண்டும். அதுதான் அவன் வேலை. ஓட்டுகிறவனும் கைதிதான்.

அன்றைக்கு வேனில் ரிக்கி இருந்தான். புதுச்சட்டை, மடியில் ஒரு அட்டைப்பெட்டி, கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"அண்ணே, பேசாம நீயும் என்கூட பஸ் ஏறிடு. யாரு பாக்கப் போறா?"

"போடா. உனக்கு டிக்கெட் இருக்கு. எனக்கு நாலு மணி இருக்கு."

ரிக்கி சிரித்தான். நாலு மணி என்றால் முகாமில் எல்லாருக்கும் தெரியும். எங்கே இருந்தாலும் எல்லாரும் ஓடிவந்து அவனவன் கட்டிலுக்குப் பக்கத்தில் எழுந்து நிற்கவேண்டும். கை பக்கவாட்டில், வாயில் பேச்சு கூடாது. காவலர்கள் இரண்டு பேர் தலையை எண்ணிக்கொண்டே போவார்கள். ஒரு தலை குறைந்தாலும் மறுபடியும் முதலிலிருந்து. ஒலிபெருக்கியில் "கணக்கு சரி" என்று வந்த பிறகுதான் மூச்சே விடலாம்.

"வீட்டுக்குப் போயும் நாலு மணிக்குக் கட்டில் பக்கத்துல நிக்காதடா. பொண்டாட்டி பயந்துடுவா" என்றான் வெர்னன்.

பஸ் நிலையத்தில் அந்தப் பொண்டாட்டியே காத்திருந்தாள். பஸ்ஸுக்கு விடாமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டிருக்கிறாள். ரிக்கி பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். வெர்னன் வேனைத் திருப்பினான். இப்படி எத்தனையோ பேரை அவன் கொண்டுவந்து விட்டிருக்கிறான். கட்டிப்பிடித்து அழுகிறவர்கள், ஒருவரும் வராமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள், எல்லாரையும் வேன் கண்ணாடியில் பார்த்தாயிற்று. பந்தி பந்தியாகப் பரிமாறிவிட்டுத் தான் மட்டும் பட்டினி கிடக்கிறவன் பாடு அவனுடையது. ஆனால் இந்த முறை திரும்பும்போது விரல்விட்டு நாளை எண்ணினான். வருகிற சனிக்கிழமை அவனுக்கும் ஒரு பகல் விடுப்பு கிடைத்திருந்தது. மகள் கெல்சி வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தாள்.

முகாம் என்றால் மதில் கிடையாது, முள்கம்பி கிடையாது. மலைச்சரிவில் நாலைந்து நீளக் கட்டடங்கள், சுற்றிலும் வெள்ளையடித்த கற்கள், கற்களுக்கு அப்பால் காடு. தாண்டிப் போனால் போனதுதான். பிடித்து வந்து பழையபடி மதிலுக்குள் போட்டுவிடுவார்கள், தண்டனையும் கூடும். மதில் இருந்தால் அதைப் பார்த்துத் திட்டவாவது செய்யலாம். இங்கே திட்டுவதற்குத் தன்னைவிட்டால் ஆள் கிடையாது. வெர்னன் முதலில் மதிலுக்குள்தான் இருந்தான். லாரியில் சோளமூட்டைக்கு நடுவே வலிமாத்திரை கடத்தியவன். தான் செய்யவில்லை என்று ஒருநாளும் அவன் சொன்னதில்லை. மதிலுக்குள் இருந்தபோதுதான் அவன் மனைவி க்ளென்னா செத்துப்போனாள். அடக்கத்துக்கு விடவில்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த கெல்சி ஒற்றை ஆளாய் அம்மாவைப் புதைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் அவனை அப்பா என்று கூப்பிடுவதில்லை. போனில் எடுத்ததும் "ம், சொல்லு" என்று மொட்டையாகத்தான் பேச்சு.

அவளிடம் அவன் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று. இலை உதிர்வதற்குள் அவனையும் விட்டுவிடுவார்கள். போய்த் தங்க ஒரு வீடு வேண்டும். வீட்டுக்காரர் சம்மதித்தால் அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு அனுப்புவார். இல்லாவிட்டால் எங்கோ ஒரு பட்டணத்தில் முன்பின் தெரியாதவர்களோடு விடுதியில் கிடக்கவேண்டியதுதான். திங்கட்கிழமை விலாசம் சொல்லவேண்டும் என்று முகாமில் விடுதலை வேலைகளைக் கவனிக்கிற மிஸ் ஹோல்ப்ரூக் கெடு வைத்திருந்தாள். போனில் கேட்கலாம் என்றால், நடுநடுவே ஒரு இயந்திரக் குரல் குறுக்கே வந்து, "இது சிறையிலிருந்து வரும் அழைப்பு" என்று மானத்தை வாங்கும். அதைக் கேட்டதும் அவன் போனை வைத்துவிடுவான்.

வெளியே போகப்போகிறவர்களுக்கு என்று மிஸ் ஹோல்ப்ரூக் வியாழக்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடத்தினாள். வேலை கேட்பது எப்படி, கோபத்தை அடக்குவது எப்படி, வீட்டாரிடம் பேசுவது எப்படி என்று எல்லாவற்றையும் நடித்துப் பார்க்கச் சொல்வாள். வெர்னனுக்கு மகளாக நடிக்க வந்தவர் லைமன். பல் டாக்டர், பிடுங்காத பல்லுக்கெல்லாம் அரசாங்கத்திடம் பணம் பிடுங்கி உள்ளே வந்தவர். மார்புவரை தாடி, தொப்பை வேறு. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குரலைக் கீச்சென்று மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன விஷயமா வந்திருக்க? சீக்கிரம் சொல்லு, எனக்கு அடுப்புல வேலை கெடக்கு!"

வகுப்பே உருண்டு சிரித்தது. வெர்னனும் சிரித்துவிட்டுத்தான் ஆரம்பித்தான். "கெல்சி, என்னை விட்றப் போறாங்க. நான் வந்து..." அதற்குமேல் வரவில்லை. லைமன் துண்டை எடுத்துவிட்டார்.

"யோவ், நிஜப் பொண்ணுகிட்ட கேக்கும்போது இவ்வளவு கஷ்டமா இருக்காதுய்யா" என்றார் சொந்தக் குரலில்.

"அது இன்னும் கஷ்டம் டாக்டர். நீங்க மாட்டேன்னு சொன்னா எனக்கு ஒண்ணும் இல்ல."

சனிக்கிழமை காலையில் கட்டடமே அவனை மாப்பிள்ளை அழைப்புக்கு அனுப்புகிற மாதிரி அனுப்பிவைத்தது. மெத்தைக்கு அடியில் வைத்து மடிப்பு எடுத்த சட்டை, யாரோ கொடுத்த நல்ல சீப்பு, லைமன் தாடையைப் பிடித்துப் பார்த்துப் பல் சுத்தமாயிருக்கிறது என்று கொடுத்த சான்றிதழ். காலையிலேயே வருவதாகச் சொன்ன கெல்சி வரவில்லை. வெள்ளைக் கற்களுக்கு இந்தப்பக்கம் இருந்த பெஞ்சில் வெர்னன் உட்கார்ந்திருந்தான். ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்தான், உட்கார்ந்தான். வரமாட்டாள், ஏன் வரவேண்டும், வராமலிருப்பதுதான் நியாயம் என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிவிட்டான். உச்சி வெயில் சாய்ந்த பிறகு, முன்பக்கம் ஒரு விளக்கு உடைந்த கார் ஒன்று மேட்டில் ஏறி வந்தது.

"நைட் ஷிஃப்ட். தூங்கிட்டேன்" என்றாள் இறங்காமலே. ஜன்னல் வழியே தெரிந்த முகத்தில் அப்படியே க்ளென்னாவின் நெற்றி. ஐயோ, இதை யாராவது அவனுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கக்கூடாதா!

எங்கே போகலாம் என்று அவள் கேட்டதற்கு, யோசிக்காமல் வில்மா கடை என்றான். சிக்னலுக்குக் கார் வந்தபோது பச்சை. நிற்காமல் போய்விட்டார்கள். அவனுக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது.

கடைக்குள் வெங்காயமும் காப்பியும் கலந்த மணம். ஜன்னலோர மேஜை. வெளியிலிருந்து அவன் எத்தனையோ முறை பார்த்த அதே மேஜைதான். வில்மா வந்தாள், அறுபது தாண்டியவள், இடுப்பில் துண்டு, காதில் பென்சில். அவனைப் பார்த்ததும் நின்றாள்.

"அட, வெள்ளை வேன்! தினமும் அந்தச் சிக்னல்ல நின்னு என் கடையவே முழுங்குற மாதிரி பாப்பியே. ஒருவழியா உள்ள வந்தியா?"

வெர்னனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மக" என்று மட்டும் சொன்னான், கெல்சியைக் காட்டி.

"அதான் மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருக்கே" என்று வில்மா போய்விட்டாள்.

மொச்சை வந்தது, சோளரொட்டி வந்தது, பின்னாலேயே இனிப்புக்கு ஆப்பிள் பை வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. நிஜப் பீங்கான் தட்டு, நிஜ இரும்புக் கத்தி. அதைக் கையில் எடுக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. கெல்சி முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தாள். ராத்திரியெல்லாம் கிழவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கிற வேலை. அதைப்பற்றிக் கொஞ்சம் சொன்னாள். ஒரு கிழவர் தினமும் அவளை வேறொரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாராம், அவளும் திருத்துவதில்லையாம். வாடகைக்குப் பாதி வீடு எடுத்திருக்கிறாள். முன்னறை, சமையலறை, அவள் படுக்கிற அறை.

"இன்னொரு ரூம் இருக்கு. அம்மா தையல் மிஷினு, துணி எல்லாம் அதுலதான் போட்டு வெச்சிருக்கேன்" என்றவள், சொல்லியிருக்கக்கூடாதோ என்பதுபோல் நிறுத்திக்கொண்டாள்.

வெர்னன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கேளுடா, கேள் என்று உள்ளே லைமன் குரல், மிஸ் ஹோல்ப்ரூக் குரல், கட்டடத்தின் எல்லாக் குரல்களும் அவனைப் பிடித்துத் தள்ளின. முள்கரண்டியைக் கீழே வைத்தான். மடிப்பு கலைந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"கெல்சி, என்னை விட்றப் போறாங்க. நான் வந்து..."

எழுந்து நின்றுவிட்டான்.

அவனாக எழவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தை அவன் பார்க்கக்கூட இல்லை. கால் தானாக நிமிர்ந்தது, கை இரண்டும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது, பார்வை நேரே எதிர்ச் சுவரில் போய் நின்றது. வாய் மூடிக்கொண்டது. முதுகில் வேர்வை வழிந்தது. உட்காரடா சனியனே என்று மனசு கத்துகிறது, முட்டி மடங்கவில்லை.

கெல்சி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன, கிளம்பிட்டியா?"

அவன் பேசவில்லை.

"சொல்ல வந்ததைச் சொல்லாமலே எந்திரிச்சாச்சு. இதுக்குத்தானா நான் மூணு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தேன்? தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு?" அவள் குரல் உயர்ந்தது. பக்கத்து மேஜையில் திரும்பிப் பார்த்தார்கள். "எப்பவும் இதேதான். நீ நிக்கவேண்டிய எடத்துல நீ இருக்கமாட்ட. அம்மா பெட்டிய இறக்குறப்ப ஒரு பக்கம் புடிக்க ஆள் இல்லாம, குழி வெட்டின ஆளக் கூப்பிட்டுப் புடிக்கவெச்சேன். தெரியுமா உனக்கு?"

தெரியாது. அது அவனுக்குத் தெரியவே தெரியாது. கண்ணிலிருந்து நீர் இறங்கித் தாடையில் நின்றது. துடைக்கக் கை வரவில்லை.

காப்பிக் கூஜாவோடு வந்த வில்மா அவனைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "அட கடவுளே" என்று மெல்லச் சொன்னாள். பிறகு கெல்சியின் பக்கம் குனிந்தாள்.

"கோவிச்சுக்காத கண்ணு. அவரு எங்கயும் போகல. மணி நாலு. மேல முகாம்ல இந்நேரத்துக்கு எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும், தலைய எண்ணுவாங்க. பேசக்கூடாது, அசையக்கூடாது. என் தம்பி அங்க இருந்துட்டு வந்தவன். வீடு திரும்பின வருஷம் பூரா, கறிக்கடைல நின்னாலும் சரி, மாதாகோயில்ல உக்காந்திருந்தாலும் சரி, நாலு அடிச்சா தூண் மாதிரி நிப்பான். நாங்க சிரிப்போம். அப்புறம் சிரிக்கிறத விட்டுட்டோம்."

கெல்சி அவன் கைகளைப் பார்த்தாள். விரல்கள் தொடையோடு ஒட்டி அப்படியே இருந்தன.

"எப்ப உக்காருவாரு?"

"எண்ணி முடிச்சு, கணக்கு சரின்னு சொன்னப்புறம்."

"இங்க யாரு எண்ணுறது?"

வில்மா கூஜாவை மேஜையில் வைத்தாள். இடுப்புத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, அவன் தோளில் ஒரு விரலால் தொட்டாள்.

"ஒண்ணு."

கெல்சி தட்டைத் தள்ளிவைத்தாள். இருக்கையிலிருந்து நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தாள். அவனுக்குப் பக்கத்தில் வந்து, அவனைப் போலவே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு நின்றாள். ராத்திரி வேலையின் அலுப்பில் அவள் உடம்பு லேசாக ஆடியது. தோள் அவன் கையில் இடித்தது; விலக்கிக்கொள்ளவில்லை.

"ரெண்டு" என்றாள் வில்மா.

மேஜையில் பாதி தின்ற ஆப்பிள் பை. கூஜாவின் மூக்கிலிருந்து ஆவி. பக்கத்து மேஜைக்காரர்கள் கரண்டியை வைத்துவிட்டிருந்தார்கள்.

"நீ என்ன கேக்க வந்தேன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் கெல்சி, சுவரைப் பார்த்தபடியே, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "அந்த ரூம்ல கட்டில் கிடையாது. ஒண்ணு வாங்கணும், அப்பா."

எண்ணும்போது பேசக்கூடாது. வெர்னன் பேசவில்லை. வில்மாவும் கணக்கு சரி என்று இன்னும் சொல்லவில்லை. வெளியே சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்ற லாரியின் ஜன்னலிலிருந்து யாரோ ஒருவன், கண்ணாடிக்கு இந்தப்பக்கம் அருகருகே நிற்கிற இரண்டு பேரையும் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.