அர்ஜுனன் ஜீப்

பட்டாளத்தில் கழித்துப்போட்ட ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து, அர்ஜுனனும் அவன் மச்சான் கலியனும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பாடுபட்டு ஓடவைத்தார்கள். கலியன், அர்ஜுனன் மனைவி காந்தாவின் அண்ணன். ரிப்பேர் வேலையெல்லாம் கலியனுடையது, ஓட்டுவது அர்ஜுனன். முசரவாக்கத்தில் பிரசவ வலி என்றாலும், பஸ் போகாத ஊரில் கல்யாணம் என்றாலும் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த வருஷம் பாலாற்றுக்கு அக்கரைக் கிராமங்களுக்குக் கரண்டு இழுக்கும் வேலையைக் கோதண்டபாணி என்ற காண்ட்ராக்டர் எடுத்திருந்தார். ஆளையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு மணலிலும் வரப்பிலும் ஓட அவருக்கு ஒரு வண்டி வேண்டும். வாலாஜாபாத் அரிசி மில்காரர் சிட்டிபாபுவிடம் நான்கு சக்கரமும் இழுக்கிற பட்டாள லாரி ஒன்று இருந்தது.

"லாரி நெறைய சுமக்கும்பா" என்றார் கோதண்டபாணி.

"சுமக்கும், இல்லேன்னு சொல்லல. ஆனா வரப்புல எப்டி திரும்பும் முதலாளி? ஜீப்பு நின்ன எடத்துலயே திரும்பும். மணல்லயும் பாரம் கம்மி, பொதையாது" என்றான் அர்ஜுனன்.

"பேச்சு வாணாம். ரெண்டும் ஓடட்டும், பாக்கலாம்."

ஓட்டிப் பார்க்கிற அன்று காலையில் கலியன்தான் ஜீப்புக்கு கிரீஸ் அடித்துக் கொண்டுவந்து விட்டான். திருப்பருத்திக்குன்றத்தைத் தாண்டியதும் வரப்புப் பாதை. ஜீப் ஆட்டுக்குட்டிபோல ஓடியது. லாரியோ வளைவுக்கு வளைவு பின்னால் வந்து, ஒடித்து, மறுபடி முன்னால் போயிற்று. ஏரிக்கரை மேட்டிலும் ஜீப்தான் முந்தியது. கோதண்டபாணி அர்ஜுனனைப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு ஆறு. அர்ஜுனன் மணலில் இறங்கி, முன்சக்கரங்களையும் இழுக்கவைக்கும் சின்ன கியரைப் போட்டான். வண்டி கொஞ்ச தூரம் போனது. அப்புறம் பின்பக்கம் மட்டும் மணலை வாரி இறைத்துக்கொண்டு அச்சு வரைக்கும் உட்கார்ந்துவிட்டது. முன்சக்கரம் அசையவே இல்லை.

இறங்கிக் குனிந்து பார்த்தான். முன்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் நீள ஷாஃப்ட் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. உடையவில்லை, விழவும் இல்லை. இரண்டு முனையிலும் போல்ட்டைப் பக்குவமாகக் கழற்றி எடுத்திருந்தார்கள். கழற்றிய இடத்தில் புழுதி ஏறாமல் கிரீஸ்கூடத் தடவியிருந்தது. அப்படித் தடவுகிறவன் ஒருவன்தான்.

லாரி உறுமிக்கொண்டு மெதுவாக அவனைக் கடந்து அக்கரை ஏறியது.

கலியன் கரையிலேயே நின்றுகொண்டிருந்தான். அர்ஜுனன் மணலில் கால் புதைய நடந்து போனான்.

"ஏன் மச்சான்?"

கலியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "லாரிய என் பொறுப்புல வுடறேன்னு சிட்டிபாபு சொல்லிக்கீறாரு. ஊர்ல எவனாச்சும் இத கலியன் ஜீப்புன்னு சொல்லிக்கீறானா? அர்ஜுனன் ஜீப்பு, அர்ஜுனன் ஜீப்பு. நான் கறுப்பு கையோட கீழ படுத்துக்கினே இருக்கணுமா?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொல்லிக்கீறேன். நீ சிரிச்ச."

அது எப்போது என்று அர்ஜுனனுக்கு நினைவில்லை.

"ஷாஃப்ட்டு உங்கூட்டு மாட்டுக் கொட்டாய்லதான் இருக்குது. துணி சுத்தி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கலியன் லாரியைப் பார்த்து நடந்தான்.

அர்ஜுனன் கோதண்டபாணியிடம் போய் நடந்ததைச் சொன்னான். ஷாஃப்ட்டை மாட்டிக்கொண்டு வருகிறேன், இன்னொரு தடவை பாருங்கள் என்று கெஞ்சினான். அவர் நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். உன் வண்டிய உன் மச்சானே கழட்டுவான்னா, நான் யார நம்பிபா ஆளுங்கள அதுல ஏத்தி வுடறது?"

உழவு மாடு கட்டி ஜீப்பை இழுத்துவந்தான்.

காந்தா நம்பவில்லை. "எங்கண்ணனா? வேற எவனாச்சும் இருக்கும்யா" என்றாள். அர்ஜுனன் கொட்டகைக்குள் போய், வைக்கோலை விலக்கித் துணிச்சுருளை எடுத்துவந்து அவள் முன்னால் பிரித்தான். துணி அவள் பழைய புடவை. அண்ணன் கேட்டு, ஏன் என்று கேட்காமல் அவளே கிழித்துக் கொடுத்தது. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அவனே ஷாஃப்ட்டை மாட்டி, தனியாக ஆற்றுக்குப் போனான். ஜீப் ஒரே மூச்சில் அக்கரை ஏறியது. இறங்கக்கூட இல்லை, திருப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

கம்பம் நட்டு முடியும்வரை லாரி அந்தப் பக்கம் ஓடியது. எதிரில் வந்தால் கலியன் ஹாரன் அடிப்பான். அர்ஜுனன் வழி விடுவான், அவ்வளவுதான். பொங்கலுக்குக் காந்தா மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தாள். அர்ஜுனனுக்குத் தினமும் வண்டி எடுக்கும் முன் தரையில் மல்லாந்து படுத்து, அடியில் ஒவ்வொரு போல்ட்டாகத் திருகிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் தன் கையாலேயே இறுக்கியதைக்கூட, அவன் திரும்ப ஒரு முறை திருகிப் பார்த்தான்.